பெண்கள் சம்பள வேலைக்குப் போனது எதனால்? படிப்பு மட்டும்தானா?

உவர்மலை

திருகோணமலைப் பக்கத்தில் இந்தக் கதை மூன்று வரியில் முடிந்துவிடும். அம்மம்மா காலத்தில் வீட்டோடு. அம்மா காலத்தில் டீச்சர், இல்லாவிட்டால் நேர்ஸ். இப்போது வங்கி, அரசாங்கக் கச்சேரி, கார்மன்ட், வெளிநாடு. ஏன் மாறியது என்று கேட்டால் "படிப்பு" என்று ஒரே சொல்லில் பதில் வரும்.

படிப்பு பெரிய காரணம்தான். எங்கள் ஊரில் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923 இல் தொடங்கிய பெண்கள் பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1981 குடிசன மதிப்பில் நாட்டுப் பெண்களில் 83 சதவீதத்தினர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். இன்று பல்கலைக்கழகத்துக்கு எடுபடுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள்.

இவ்வளவு இருந்தும், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூவரில் ஒருவர்தான் தொழிற்படையில் (வேலை செய்பவர், வேலை தேடுபவர்) இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். அந்த மூன்றிலொரு பங்கு பல பத்தாண்டுகளாக அசையவில்லை. படிப்புத்தான் முழுக் காரணம் என்றால் கோடு ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

என் கருத்து இது. படித்த பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் நேரம் மிஞ்ச வேண்டும், போய்வர வழி இருக்க வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். இதில் எது எப்போது மாறியதோ அப்போதுதான் அந்தத் தலைமுறை வெளியே வந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம், எத்தனை நாள், எந்தச் சட்டம் என்று எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

தம்பலகாமத்து வயல்

அண்ணை, "வீட்டோடு" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். வெள்ளாமைக் காணிகளில் களை பிடுங்கியது யார்? அரிவு வெட்டில் ஆண்களோடு வரிசையில் நின்றது யார்? சூடடித்த பிறகு நெல்லைத் தூற்றி, அவித்து, காயவைத்து, குத்தி அரிசியாக்கியது யார்? அந்த வேலைக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது, அல்லது புருசனின் கணக்கில் போனது. பெண் பெயரில் காசு வரவில்லை. கணக்கெடுக்க வந்தவர் "வீட்டுப் பணி" என்று எழுதிவிட்டுப் போனார்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2023 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு வருடத் தரவைத் தோண்டிக் காட்டியதும் இதைத்தான். பண்ணையிலும் வீட்டுத் தொழிலிலும் உழைத்த மனைவிமாரை அங்கேயும் பதிவேடு "மனைவி" என்று மட்டும் எழுதியது. அதையெல்லாம் திருத்திப் போட்டுப் பார்த்தால் கோடு நேராக ஏறவில்லை. விவசாயக் காலத்தில் உயர்ந்து நிற்கிறது, வேலை வீட்டை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதும் விழுகிறது, அலுவலக வேலை பெருகியதும் மறுபடி ஏறுகிறது. ஆங்கில எழுத்து 'யூ' மாதிரி.

ஆகவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். பெண் எப்போது உழைக்கத் தொடங்கினாள் என்பதல்ல, அவள் உழைப்புக்கு எப்போது அவள் கையில் சம்பளம் வந்தது என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் கவனியுங்கள். அறுவடை மெஷின் வந்ததும் வயலில் முதலில் போனது பெண்களின் கூலி நாட்கள். களைநாசினி வந்ததும் களை பிடுங்கல் போனது. மெஷின் ஓட்டும் வேலை ஆண்களுக்குப் போனது. பெண் "வேலைக்குப் போகவில்லை" என்று இன்று எண்ணப்படும் சில கிராமங்களில், இருந்த வேலையே கைவிட்டுப் போயிருக்கிறது.

பாலையூற்று

உவர்மலை அண்ணை சொன்ன "நேரம்" பற்றி எழுதுகிறேன். இதைப் பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒரேயொரு சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் இருக்கும் வீட்டில் காலைக்கு இடியப்பம். கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி மா வேண்டும்.

பச்சையரிசியைக் கழுவி இரண்டு, மூன்று மணித்தியாலம் ஊறவிட வேண்டும். வடித்து, சுளகில் பரப்பி அரை மணித்தியாலம் வாடவிட வேண்டும். ஈரம் கூடினால் மா உலக்கையில் அப்பும், அரிதட்டில் அடைக்கும். வாட்டம் கூடிப்போனால் குறுனல் நிற்கும். உரலில் போட்டு இரண்டு பேர் மாறி மாறி இடித்து, அரித்து, குறுனலைத் திரும்ப உரலில் போட்டு, மூன்று நாலு தடவை. அது ஒரு மணித்தியாலம். பிறகு தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் கை விடாமல் வறுக்க வேண்டும். வறுவல் குறைந்தால் இரண்டாம் நாள் மா புளிக்கும். கூடிச் சிவந்துவிட்டால் பிழியும்போது இழை அறுந்து விழும். இதற்குப் பிறகுதான் தண்ணீர் கொதிக்க வைத்து, குழைத்து, பிழிந்து, அவித்து, தேங்காய் திருவி, சொதியும் சம்பலும்.

இங்கே மொத்த நேரத்தை விடப் பெரிய சிக்கல், இதை நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது. ஊறின அரிசி காத்திருக்காது, தாச்சியில் இருக்கும் மாவும் காத்திருக்காது. ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆள் இதைச் செய்ய முடியாது. ஆகவே வீட்டில் இன்னொரு பெண் நிற்க வேண்டும். பழைய காலத்தில் ஒரு பெண் படிப்பிக்கப் போனாள் என்றால், அவளுடைய தாயோ தங்கச்சியோ கூலிக்கு வந்த ஏழைப் பெண்ணோ அந்த உரலடியில் நின்றாள் என்று அர்த்தம்.

மா அரைக்கும் மில் வந்ததும் இடிக்கும் வேலை போனது. வறுத்த மா பைக்கட்டில் வந்ததும் மிச்சமும் போனது. நடுவில் கோதுமை மா. சீனக்குடாவில் பிறீமா ஆலை 1980 இல் ஓடத் தொடங்கியது. பேக்கரிப் பாண் காலைச் சாப்பாடாக நிலைத்த வீடுகளில் அடுப்படி வேலை பாதியாகக் குறைந்தது. குழாய்த் தண்ணீரும் 12.5 கிலோ காஸ் சிலிண்டரும் வந்தபோது மீதியும் குறைந்தது. 2022 இல் காஸ் இல்லாமல் திரும்ப விறகுக்குப் போன மாதங்களில், போன மணித்தியாலங்கள் அப்படியே திரும்பி வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

சீனக்குடாச் சந்தி

பாலையூற்று அக்கா எழுதியது சரி, ஆனால் இது காரணமா விளைவா? வேலை என்று ஒன்று இருந்தால் ஆட்கள் நேரத்தைக் கண்டுபிடிப்பார்கள். காஸ் அடுப்பும் பைக்கட் மாவும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பட்டதாரிப் பெண்கள் எத்தனை பேர் இந்த மாவட்டத்தில்? 1977 இல் பொருளாதாரம் திறந்து, 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தபோது, கிராமத்தில் காஸ் இல்லாத, கரண்ட் இல்லாத வீடுகளிலிருந்துதான் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனார்கள். ஆள் தேவை வந்தது, அதனால் போனார்கள்.

பாலையூற்று

போனது யார் என்று பாருங்கள் தம்பி. கல்யாணமாகாத பிள்ளைகள். போர்டிங்கில் தங்கி, கல்யாணத்தோடு வேலையை விட்டார்கள். அடுப்படிப் பொறுப்பு இல்லாத வயதுக்காரரை ஆள் தேவை இழுத்துக்கொண்டு போகும். கல்யாணமானவளை இழுக்க அது மட்டும் போதாது. நான் சொல்வது அந்த இரண்டாவது ஆளைப் பற்றி.

குடும்பநலம்

இதற்குள் பிள்ளைப்பேற்றுக் கணக்கையும் வைக்க வேண்டும். 1950களில் இலங்கையில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைக்கு மேல். 2000 ஆம் ஆண்டளவில் இரண்டு. கல்யாண வயது 1953 இல் சராசரி 21 அளவில் இருந்து, 1981 இல் 24 ஐத் தாண்டியது.

விரலில் எண்ணிப் பாருங்கள். 22 வயதில் தலைப்பிள்ளை, இரண்டரை வருட இடைவெளியில் ஐந்து பிள்ளை என்றால் கடைசிப் பிள்ளை 32 இல். அது பள்ளிக்கூடம் போகும்போது தாய்க்கு 37. பதினைந்து வருடம் வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளையாவது இருக்கிறது. 26 இல் முதல், 29 இல் இரண்டாவது என்றால் 34 இல் முடிந்துவிடும். எட்டு வருடம். 60 வயது வரை என்றால் வேலைக்கு 26 வருடம் மிச்சம் இருக்கிறது.

உயிர் மிஞ்சுவதும் கணக்கில் உண்டு. 1940களின் நடுவில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் மரணம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1946 இலிருந்து டி.டி.டி. அடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியது, ஊரூராகப் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள், ஆஸ்பத்திரிப் பிரசவம், இவையெல்லாம் சேர்ந்து சில வருடத்திலேயே அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தன. இன்று 40 க்கும் குறைவு. குடும்பத் திட்டமிடல் சங்கம் 1953 இல் தொடங்கியது, 1965 இல் அரசாங்கமே அந்தச் சேவையை எடுத்துக்கொண்டது. பிள்ளை எப்போது என்று தானே தீர்மானிக்க முடிந்த தலைமுறைதான் மூன்று வருடப் பயிற்சிக்கும் நாலு வருடப் பட்டத்துக்கும் துணிந்து போனது. அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை பரவிய பின் பெண்கள் சட்டம், மருத்துவம் என்று நீண்ட படிப்புகளில் சேர்ந்ததையும் கோல்டின் இப்படித்தான் விளக்குகிறார்.

குறிஞ்சாக்கேணி

தூரத்தை யாரும் தொடவில்லையே. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு வர பாதையில்தான் (வாகனமும் ஆட்களும் ஏற்றும் மிதவைப் படகு) ஏற வேண்டும். பாதை மறுகரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். வாகன வரிசை இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். காற்றடித்தால் ஓட்டம் இல்லை. எட்டரைக்குக் கையெழுத்து வைக்க வேண்டிய ஒரு பெண், எத்தனை மணிக்கு அக்கரை சேருவேன் என்று சொல்ல முடியாத நிலை. அதைவிட முக்கியம் பின்னேரம். இருட்டுப்பட்டால் கரையில் நிற்க வேண்டி வரும் என்ற பயத்திலேயே பல வீடுகளில் "உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தால் போ, இல்லாவிட்டால் வேண்டாம்" என்பார்கள். எங்கள் முஸ்லிம் பெண்கள் ஆசிரியத் தொழிலிலேயே கூடுதலாக நின்றதற்கு மார்க்கத்தை மட்டும் காரணம் காட்டுவது அரைகுறைப் பேச்சு. நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரே அரசாங்கச் சம்பளம் அதுதான்.

பாலம் வந்த பிறகு பஸ்ஸும் ஸ்கூட்டியும் நேரே ஓடுகின்றன. ஸ்கூட்டியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பஸ் நேரத்துக்கும் அடுத்தவர் கூட்டிப்போவதற்கும் காத்திருக்காமல், பிள்ளையை முன்பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகலாம். பத்து நிமிடம் பிந்தினாலும் சமாளிக்கலாம்.

லைன் 7

கார்மன்ட் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த வேலை ஏன் இளம்பெண்களை எடுத்து, தாய்மாரை வெளியே தள்ளுகிறது என்பதற்கு முதலாளியின் மனசு மட்டும் காரணமல்ல. தையல் லைன் ஓடும் விதமே அப்படி.

ஒரு லைனில் 30 பேர். ஒரு உடுப்புக்கு எல்லாக் கையும் சேர்த்து 10 நிமிடத் தையல். 8 மணித்தியாலம் 480 நிமிடம். 30 ஐ 480 ஆல் பெருக்கி 10 ஆல் பிரித்தால் 1,440. அது நூறு சதவீதம். நடைமுறையில் 60 சதவீதம் கிடைத்தால் 864 துண்டு. இதில் கொலர் பிடிப்பவர் ஒருவர் வரவில்லை என்றால் முப்பதில் ஒரு பங்கு குறைவதோடு முடியாது. அவருக்கு முன்னால் இருப்பவரிடம் துண்டு குவியும், பின்னால் இருப்பவர் சும்மா இருப்பார். பழக்கமில்லாத கையை அங்கே இருத்தினால் பிழை கூடும், அவிழ்த்துத் தைக்க நேரம் போகும். அன்றைய டார்கெட் முழு லைனுக்கும் தவறும்.

அதனால் பல தொழிற்சாலைகளில் சம்பளத்தின் ஒரு பகுதியை வரவுக் கொடுப்பனவாக வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் தவறினால் அந்த மாதக் கொடுப்பனவு முழுக்கப் போய்விடும். சின்னப் பிள்ளைக்கு மாதம் ஒரு தடவை காய்ச்சல் வருவது இயல்பு. அப்படியென்றால் தாய்க்கு அந்தக் கொடுப்பனவு ஒருபோதும் கையில் சேராது. ஒரே மெஷின், ஒரே திறமை, ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் காசு பக்கத்தில் இருப்பவளை விடக் குறைவு. ஒரு வருடம் இழுத்துப்பிடித்துவிட்டு விட்டுவிடுவாள். கைதேர்ந்த ஒருத்தி போய், மூன்று மாதம் பழக்க வேண்டிய புது ஆள் வருவார். இதில் யாருக்கும் இலாபமில்லை.

தொழிற்சட்டம்

சட்டத்தைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் சட்டம் கதவைத் திறந்ததும் உண்டு, சாத்தியதும் உண்டு.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கம். தொழிற்சாலை, தோட்டம் போன்றவை அதன் கீழ். கடை, அலுவலகத்துக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். லீவு 84 நாள். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாளாகக் குறைந்தது. 2018 திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84. அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தில் 84 வேலை நாள், அதன் பின் அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமின்றி இன்னும் 84 நாள் எடுக்கலாம். "கவுண்மேந்து வேலை கிடைத்தால்தான் போவேன்" என்று பெண்கள் வருடக்கணக்கில் காத்திருப்பதற்கு இந்த வித்தியாசம் ஒன்றே போதும். அதை அவர்களுடைய சோம்பல் என்று சொல்கிறவர்கள் இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1939 சட்டத்தின் கீழ்ப் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தளத்தில் குழந்தை காப்பகம் இருந்தால் தலா 30 நிமிடம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம். இது லீவு அல்ல, சம்பளம் வெட்ட முடியாது. கனக்கப் பேருக்கு இது தெரியாது.

இரவு வேலை. 1984 திருத்தத்தின் பின் தொழிற்சாலைகளில் இரவு 10 க்குப் பிறகும் பெண்களை வைக்கலாம், ஆனால் நிபந்தனையோடு. அவள் விருப்பத்துக்கு மாறாக முடியாது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். காலை 6 முதல் மாலை 6 வரை வேலை செய்தவரை அன்றிரவு 10 க்குப் பிறகு வைக்கக் கூடாது. மாதத்துக்கு 10 இரவுக்கு மேல் கூடாது. சம்பளம் ஒன்றரை மடங்கு. பெண் மேற்பார்வையாளர், ஓய்வறை, சிற்றுண்டி வேண்டும். அதே 1984 இல்தான் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது.

ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். 1958 சட்டம். ஊழியர் 8 சதவீதம், தொழில்கொள்வோர் 12 சதவீதம். ஆண் 55 வயதில் எடுக்கலாம், பெண் 50 இல். திருமணம் காரணமாக வேலையை விடும் பெண்ணும் எடுக்கலாம். சலுகை என்றுதான் எழுதினார்கள். ஆனால் எழுதியவர் மனதில் இருந்த பெண், கல்யாணத்தோடு வேலையை விடுபவள். எடுத்துச் செலவழித்துவிட்டு நாற்பதில் திரும்ப வேலைக்கு வருகிறவளுக்கு முதுமைக்கு என்ன மிஞ்சும்? இதையொத்த எண்ணம் வெளிநாட்டில் இன்னும் கடுமையாக இருந்தது. பிரித்தானிய அரச சேவையில் கல்யாணமானால் பெண் விலக வேண்டும் என்ற விதி 1946 வரை, அயர்லாந்தில் 1973 வரை.

உவர்மலை

தொழிற்சட்டம் ஐயா, ஒரு கேள்வி. அந்த 84 நாள் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்?

தொழிற்சட்டம்

முழுக்கத் தொழில்கொள்வோர். பிரச்சினையின் வேர் அதுதான். பல நாடுகளில் சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து போகிறது. இங்கே ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகம், கல்யாண வயதில் இருக்கும் பெண்ணை எடுத்தால் மூன்று மாதச் சம்பளத்தோடு பதில் ஆளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடும். நேர்முகத்தில் "கல்யாணம் எப்போது?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. லீவை நீட்டியது நியாயம். செலவைப் பகிர ஏற்பாடு செய்யாமல் நீட்டியது சின்ன இடங்களில் எதிராகத் திரும்புகிறது.

மூதூர்த்துறை

எல்லோரும் விரும்பிப் போன கதையையே எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்தில் பாதிக் கதை வேறு. 1983 இலிருந்து 2009 வரை யுத்தம், நடுவில் 2004 சுனாமி. புருசன் இல்லை, அல்லது காணவில்லை, அல்லது கடலுக்குப் போக முடியாத காயம். நாட்டில் நாலு வீட்டில் ஒன்றுக்குப் பெண்தான் தலைவி. அவள் வேலைக்குப் போனது சுதந்திரம் கிடைத்ததால் அல்ல. அரிசி வாங்க வேண்டியிருந்ததால். புள்ளிவிவரத்தில் இரண்டு பேரும் ஒரே நிரலில் வருவார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வெளிநாடு அதில் பெரிய வாசல். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985 இல் வந்தது. 1990களின் நடுவில் இலங்கையிலிருந்து போனவர்களில் நால்வரில் மூவர் பெண்கள், பெரும்பாலும் வீட்டுப் பணிக்கு. மூதூர், தோப்பூர், கிண்ணியா எல்லாம் அந்தக் காசில் கல்வீடு கண்ட ஊர்கள். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் அப்போது போக முடியவில்லை. தகப்பனிடம் அந்த அறிக்கை கேட்கப்படவில்லை. சட்ட வழி அடைபட்டதும் சிலர் சுற்றுலா விசாவில் போனார்கள். அப்படிப் போனவருக்குப் பணியகப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

போகாதவர்களுக்குக் குழுக்கடன். கிழமைக் கடன் எப்படிப் பிடிக்கிறது என்று ஒரு கணக்கு. 50,000 ரூபா, வருடத்துக்கு 24 சதவீதம் "பிளாட்", 52 கிழமை. வட்டி 12,000. கட்ட வேண்டியது 62,000. கிழமைக்கு 1,192 ரூபா. 24 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது, வட்டி மட்டும் முழு 50,000 க்கும் நிற்கிறது. உண்மை வட்டி வருடத்துக்குச் சுமார் 44 சதவீதம். இடியப்பம் அவித்து விற்கும் தொழிலில் மழைக் கிழமை, நோன்புக் கிழமை, மீன்பாடு இல்லாத கிழமை எல்லாம் வரும். தவணை மட்டும் நிற்காது. அந்தக் கிழமைத் தவணைக்கு இன்னொரு கடன். அதையும் "பெண் தொழில் முயற்சி" என்றே எழுதிக்கொள்கிறார்கள்.

சீனக்குடாச் சந்தி

மூதூர்த்துறை அண்ணை எழுதியதைப் படித்த பிறகு, ஆள் தேவைதான் காரணம் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வேலையும் வேண்டும், அந்த வேலையின் நேரமும் பொருந்த வேண்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களையே எடுங்கள். சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. விருந்தாளி இரவு சாப்பிட்டு முடிக்க 10 மணி. அதற்குப் பிறகு பஸ் இல்லை. வேன் விடாத ஹோட்டலில் பெண்களைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்கள்? ஐந்து மாதம் வேலை, ஏழு மாதம் வீடு என்றால் காப்பகத்துக்குக் கொடுத்துப் பழக்கின பிள்ளையை என்ன செய்வது?

குடும்பநலம்

காப்பகம் என்று சொன்னதால் அதன் கணக்கையும் போடுகிறேன். முன்பள்ளி பொதுவாக எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு விட்டுவிடும். வேலை எட்டிலிருந்து நாலரை. நடுவில் ஐந்து மணித்தியாலம் யாரிடம்? இந்த இடைவெளியை இவ்வளவு காலமும் அம்மம்மா நிரப்பினார். இன்றைய அம்மம்மாமாரில் பலர் தாங்களே வேலையில், அல்லது பிள்ளைகளோடு வெளிநாட்டில்.

பத்துக் குழந்தை, இரண்டு பராமரிப்பாளர், காலை 7 முதல் மாலை 5.30 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சம்பளம் 40,000. தொழில்கொள்வோர் கட்டும் சேமலாப நிதி 12, ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம் சேர்த்தால் 46,000. இரண்டு பேருக்கு 92,000. வாடகை 25,000, சாப்பாடு, சவர்க்காரம், கரண்ட் 15,000. மொத்தம் 132,000. பிள்ளைக்கு 13,200. இரண்டு பிள்ளை உள்ள தாய்க்கு 26,400. அவளுடைய சம்பளம் 45,000 என்றால், பஸ் காசும் போக வீட்டில் என்ன மிஞ்சும் என்று மாமியார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். பத்துக்குப் பதில் ஆறு பிள்ளைதான் வந்தால் அதே 132,000 ஆறாகப் பிரிந்து தலைக்கு 22,000 ஆகிவிடும். அந்த விலைக்கு இருக்கிற ஆறு பேரும் நிற்பாட்டிவிடுவார்கள். ஆகவே காப்பகம் தொடங்க நினைப்பவர்கள் முதல் ஆறு மாத வாடகையைப் பிரதேச சபைக் கட்டடம் ஒன்றைக் கேட்டு மிச்சம் பிடியுங்கள். ஒரு வேலைத்தளத்தை மட்டும் நம்பாமல், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி, வங்கி, பள்ளிக்கூடம் மூன்றிலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பத்துப் பெயர் எழுதிய பிறகே கதவைத் திறவுங்கள்.